பதியன் போட்டுக் கொடுத்த மாதுளை

திருவனந்தபுரத்தில் மாதுளை வளர்க்கிறோம் என்று சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். மாதுளைக்கு நல்ல வெயிலும் வறண்ட காற்றும் வேண்டும். இந்த ஊரிலோ ஜூன் மாதத்து இடவப்பாதி மழை முடிந்து குடையை மடிப்பதற்குள் ஐப்பசியின் துலாமழை வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், போகிற போக்கில் ஒரு மழை பெய்யும். இதை என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். சாலைக் கடைத்தெருவில் துணிக்கடைக்குக் கணக்கு எழுதுகிறவருக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, அதில் செடியை நட்டு மொட்டை மாடியில் வைத்தாள். அது வளராது என்று நான் பந்தயம் கட்டாத குறை. அது என்னை மதிக்கவே இல்லை. தளதளவென்று கிளைத்து, சிவப்பாகப் பூத்து, கைக்கு அடங்குகிற அளவில் காய்க்கவும் செய்தது. காலைக் காப்பியை அவள் மாடியில் குடிக்க ஆரம்பித்தாள். மாடியில் ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம் என்று நான் கேலி செய்வேன். மாடிக் குடித்தனம் பதிலுக்குப் பதில் பேசுவதில்லை, அதனால்தான் அங்கே போகிறேன் என்பாள்.

எங்கள் தெரு பழவங்காடிப் பிள்ளையார் கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஒரு ஆட்டோ வந்தால் எதிரே வருகிறவர் யாராவது வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும். எதிர்வீட்டில் ஒரு மலையாளிச் சேச்சி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரு முனையில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி என் மனைவியை அக்கா என்றும் என்னை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவாள். இடையில் இன்னும் ஏழெட்டு வீடுகள். நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இந்தத் தெருவில் குடியேறியபோது, யாரோடும் பட்டும் படாமலும் இருந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது நடக்கவில்லை. இப்போது யோசித்தால் அது நடக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

என் மனைவி உடம்புக்கு முடியாமல் படுத்த வருஷத்தில்தான் அது தெரிந்தது. மாதக்கணக்கில் ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. ஒருநாள் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். உடம்பில் ரத்தம் இல்லை, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மகள் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். சமையலில் என் திறமை பாலைப் பொங்க விடுவதோடு நின்றுவிடும்.

எங்களைத் தெரு சாப்பிட வைத்தது. யார் என்றைக்கு என்ன கொண்டுவருவது என்று அவர்களுக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டார்கள். எங்களைக் கேட்கவே இல்லை. காலையில் சேச்சி வீட்டுக் கஞ்சியும் பயறும் வரும். மத்தியானம் முனைவீட்டிலிருந்து பூண்டுக் குழம்பும் பருப்புத் துவையலும் வரும். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ரத்தம் ஊறும் என்று சொல்லி மாதுளம்பழம் வாங்கி வந்தார்கள். பழத்தை வைக்க ஃபிரிட்ஜில் இடம் இல்லாமல் நான் மோர்ப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்தேன். பிறர் உதவியை லேசில் வாங்குகிறவன் இல்லை நான். வாங்கினால் தொண்டையிலேயே நிற்கும். அந்த நாட்களில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை. வெட்கம் பார்க்காமல் வயிறு நிறையச் சாப்பிட்டேன், மனசு நிறைய வாழ்த்தினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு வந்த பாத்திரத்தைக் கழுவி வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். ஆபரேஷன் முடிந்து அவள் எழுந்து வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியபோது எங்கள் சமையலறையில் தெருவில் உள்ள அத்தனை வீட்டுப் பாத்திரமும் இருந்தது. இந்தச் சோற்றுக்குச் சர்க்கரை காணாது என்று சொல்லிவிட்டாள். மாடிக்குப் போய், மாதுளையின் கிளைகளில் வளையமாகத் தோலைச் சீவி, ஈரத் தேங்காய் நாரை வைத்துப் பாலிதீனால் கட்டினாள். பதியன் போடுவதென்றால் இதுதான். கட்டுக்குள் வேர் இறங்கியதும் கிளையை வெட்டி எடுத்து நட்டால் அது தனிச் செடி.

வேர் பிடிக்கிறவரை ஒரு பாத்திரமும் வீடு திரும்பவில்லை. சேச்சி தன் தூக்குப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுவார் என்று நான் பயமுறுத்தினேன். கடைசியில் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு மாதுளைக் கன்றை வைத்து, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று அவளே மெல்ல நடந்து போய்க் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் படியிறங்கி நடந்த முதல் நடை முனைவீட்டுக்குத்தான். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் பழைய களை வந்திருந்தது. முனைவீட்டுத் தங்கச்சியின் அண்ணனுக்குச் சங்கரன்கோவில் பக்கம் மாதுளைத் தோட்டம் இருக்கிறதாம். கன்று கொஞ்சம் வளர்ந்ததும் அதை அண்ணன் தோட்டத்தில் கொண்டு வைக்கப் போகிறேன் என்று சொன்னாளாம். மொட்டை மாடிச் செடிக்குத் தோட்டத்தில் இடம் கிடைத்ததை என் மனைவி எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் செடியின் இலைகளில் புள்ளி விழுந்தது. முதலில் எண்ணெய் தெறித்த மாதிரி சின்னச் சின்னதாக இருந்தது. பிறகு கறுத்தது. சுற்றிலும் மஞ்சள் படர்ந்து இலை உதிர்ந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள். வேப்பெண்ணெய் அடித்தாள். அழுக்கு போகட்டும் என்று தினமும் சாயங்காலம் ஹோஸ் பைப்பால் இலைகளைக் கழுவினாள். உதிர்ந்ததைப் பெருக்கி அந்தச் செடிக்கே உரமாகப் போட்டாள். காய்களில் கறுப்புத் தழும்பு வந்து அவை குறுக்கும் நெடுக்குமாக வெடித்தன. பழுத்தால் வெடிக்கத்தானே செய்யும் என்று நானும் என் பங்குக்கு ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

கடைசியில் ஒரு கிளையைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு இருவரும் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி எங்கள் மகள் வயசுப் பெண். இலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எங்களைப் பார்க்கச் சொன்னாள். புள்ளிகள் எண்ணெய்க் காகிதம் போல வெளிச்சத்தை விட்டன. இது பாக்டீரியா கருகல் நோய் என்றாள். மழைத்துளி தெறித்து இலைக்கு இலை பரவும். ஹோஸ் பைப்பும் அதே வேலையைத்தான் செய்யும். வெட்டுகிற கத்திரியில் ஒட்டிக்கொண்டு கிளைக்குக் கிளை போகும். உதிர்ந்த சருகிலும் உயிரோடு கிடக்கும். மனுஷருக்கு இதனால் ஒன்றும் வராது, ஆனால் தோட்டம் தோட்டமாக மாதுளையை அழித்துவிடும். வறண்ட ஊராக இருந்தால் நோயுள்ள கிளையை வெட்டி எறிந்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை அடித்துப் பார்க்கலாம். இந்த மழையில் பிடுங்கி அழிப்பதுதான் நல்லது என்றாள். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தாள். அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "இதுல இருந்து பதியன் எடுத்து ஆருக்கெங்கிலும் கொடுத்திட்டுண்டா, அம்மா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறோம் என்று நான்தான் பதில் சொன்னேன். தாய்ச்செடியில் வெளியே தெரியாமல் நோய் இருந்திருக்கலாம், அப்படியென்றால் கன்றுகளோடும் போயிருக்கும் என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் கன்றையும் எடுத்துவிடுங்கள் என்றாள். வேறு மாதுளை இருக்கிற இடத்துக்கு அதில் ஒன்றுகூடப் போகக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஆட்டோவில் வரும்போது என் மனைவி விரல் மடக்கி வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னாள்: "எனக்குச் சோறு தந்தவ்வோளுக்கெல்லாம் நான் சீக்கைத்தாம்லா கொண்டு கொடுத்திருக்கேன்."

நீ தெரிந்தா கொடுத்தாய் என்றேன். ஒரு செடிதானே என்றேன். எல்லாருக்கும் போனில் ஒரு செய்தி அனுப்பிவிடலாம் என்றபோது, நன்றி சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போன் போதுமா என்று ஒரு பார்வை பார்த்தாள். அவளைத் தின்றது தெரு வீடுகள் மட்டுமல்ல. அந்தச் சங்கரன்கோவில் தோட்டமும்தான். ஒரு குடும்பம் அதை நம்பிப் பிழைக்கிறது. முனைவீட்டுக் கன்று அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து அவள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. முனைவீட்டுக்கு உடனே போய்க் கேட்டுவிடலாம் என்றேன். அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். கடைசியாகப் பார்த்தபோது அவர்கள் மாடியில் நின்ற கன்றை இந்தத் தடவை கையோடு எடுத்துப் போயிருப்பார்களோ என்று இன்னும் பயந்தாள். போனில் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் எங்கள் செடியைப் பிடுங்கினோம். அவள் பிடிக்க, நான் வெட்டினேன். இலை ஒன்றுகூட விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டினோம். பின்கட்டில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். குழியை மூடிய பிறகும் நான் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. பேசாத அந்த மாடிக் குடித்தனத்தோடு நானும் பழகிவிட்டிருந்தேன் போலிருக்கிறது. பிறகு அவள் குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகும்போதும் எங்கள் வீட்டுப் பெண்கள் கசங்கின சேலையோடு போக மாட்டார்கள்.

எதிர்வீட்டுச் சேச்சியிடம் நான் பேச்சைத் தொடங்குவதற்குள் அவள் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டாள். சேச்சி எங்களைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப் போனார். மாதுளைக் கன்று மெலிந்து, மேலே மட்டும் கொஞ்சம் இலையோடு நின்றது. புள்ளி விழுந்த இலையைத் தினமும் காலையில் கிள்ளி எடுக்கிறாராம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இதே வேலையாம். அப்படியானால் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். தனக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்தாராம். உடம்பு சரியில்லாதவள் கொண்டுவந்து தந்த செடியை வாட விட்டுவிட்டோமே என்று, அவள் வருகிற நாட்களில் கிரைண்டரின் அட்டைப்பெட்டியை அதற்கு முன்னால் நகர்த்தி வைப்பாராம். என் மனைவி அழத் தொடங்கினாள். சேச்சி அவள் தலையைத் தடவி, "நீ சங்கடப்படண்டா மோளே, இது போனா வேற ஒரு செடி," என்று சொல்லிவிட்டு, தானே குனிந்து கன்றைப் பிடுங்கினார்.

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதேதான். ஒரு வீட்டில் கன்று எப்போதோ பட்டுப்போயிருந்தது. ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இன்னொரு வீட்டில் காப்பி குடிக்காமல் செடியைத் தர மாட்டோம் என்று உட்கார வைத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளித்திருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சாக்கு நிறைந்துகொண்டு வந்தது. முனைவீடு மட்டும் பாக்கி.

அவர்கள் அன்று காலையில்தான் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வாசலில் நின்றபோதே மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் மாதுளை தெரிந்தது. தோட்டத்துக்குப் போகவில்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனதும் யாரிடமும் எதுவும் பேசாமல் நேராக மாடிக்கு ஏறினாள். நான் சாக்கோடு பின்னால் போனேன். அந்தத் தங்கச்சி என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள். போகிற போக்கில் நான் விஷயத்தைச் சொன்னேன்.

பச்சைப்பசேல் என்று நின்றது செடி. என் மனைவி ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். கிருஷி பவன் பெண் செய்த மாதிரி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் இந்தச் செடியைப் பார்த்துத் தன் கைராசியை மெச்சிவிட்டு வருவாள். அன்று அவள் மெச்சவில்லை. "பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள இருந்தாலும் இருக்கும்னு அவ்வோ சொல்லியாச்சுல்லா. உங்க அண்ணன் தோட்டத்துக்கு இது போகப்பிடாது. நானே பிடுங்கிருதேன்," என்று அடித்தண்டைப் பிடித்தாள்.

அந்தத் தங்கச்சி குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்தாள். "விடுங்கக்கா. அது உங்க செடி இல்ல."

என் மனைவிக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அந்தத் தங்கச்சி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாங்கள் கொடுத்த கன்றில் முதல் மழையிலேயே புள்ளி விழுந்ததாம். அண்ணனுக்குப் போனில் படம் அனுப்பினாளாம். அவர் பார்த்தவுடனே கண்டுபிடித்து, அதை எங்கேயும் கொண்டுபோகாதே, உடனே எரித்துவிடு என்று சொல்லியிருக்கிறார். அன்றே அதை எரித்துவிட்டு, நர்சரியில் தேடி ஏறக்குறைய அதே உயரத்தில் வேறொரு மாதுளையை வாங்கி, கழுவித் துடைத்த அதே தொட்டியில் புது மண் போட்டு நட்டிருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கும் இது தெரியும். நாங்கள் வந்து செடியைப் புகழும்போதெல்லாம் அவர் ஏன் எழுந்து உள்ளே போய்விடுவார் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா," என்றாள் என் மனைவி.

"எப்படிக்கா சொல்லுவேன்? நீங்க எந்திரிச்சு நடந்து வந்து மொதமொதல்ல தந்தது. அது செத்துப்போச்சுன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்ல?"

என் மனைவி தண்டை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில்தான் அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள். இத்தனை நாளும் நர்சரிக்காரனின் கைராசியைத்தான் மெச்சியிருக்கிறேன் என்றாள். அந்தத் தங்கச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சாக்கின் வாயைக் கட்டுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை மொட்டை மாடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வது தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் தெருவில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டதை நாங்கள் பார்த்தோம். அதற்குப் பிறகும், நாங்கள் பார்க்காத நேரத்தில், எங்கள் மனசு நோகக்கூடாது என்று ஒருவர் இலை கிள்ளியிருக்கிறார், ஒருத்தி கடை கடையாக ஏறிச் செடி தேடியிருக்கிறாள். எங்களுக்குக் கிடைத்ததைப் போல அயல்வீடு எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாரிடம் நான் மனசார வேண்டிக்கொண்டதுண்டு. எனக்காக அவரிடம் நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் வேறு விஷயங்கள், இது கேட்காமலே கிடைத்தது.

நாங்கள் இறங்குவதற்கு முன் என் மனைவி அந்த மாதுளையின் ஒரு கிளையைத் தொட்டுக் காட்டினாள். இதுவரை அந்தத் தெருவில் யாரிடமும் அவள் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. தானாக வந்ததை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"எனக்கு இதுல ஒரு பதியன் போட்டுத் தாரியா?" என்று கேட்டாள்.

"மழ கழியட்டும்க்கா," என்றாள் அவள். "நானே கொண்டாந்து தாரேன்."

மழை இன்னும் விடவில்லை. மாடியில் அந்த நீல டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.